கல்லூரிக்கு முன் ஒரு பொதுக்காரிய செமஸ்டர்: கட்டணத் திட்டமா, சொந்த ஏற்பாடா?

ஹைஸ்கூல் முடித்த கையோடு கல்லூரிக்குப் போகாமல், ஒரு செமஸ்டரைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைகள் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். நகர மன்றம் எப்படி முடிவெடுக்கிறது, தேர்தல் நாளில் யார் வேலை செய்கிறார்கள், பேரிடர் நடந்த இடத்துக்கு வரைபடம் எப்படி உருவாகிறது என்று பங்கெடுத்தே கற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. தூர தேசத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ‘வீட்டிலிருந்தே, இணையவழியில்’ என்பது பெரிய ஆறுதல். குழப்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. காசு கட்டிச் சேரும் திட்டமா, இலவசத் தன்னார்வ வேலையா, நாமே வகுத்துக்கொள்வதா, அமெரிகார்ப்ஸ் என்ற மத்திய அரசின் தொண்டுத் திட்டமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம், அது எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கொடுப்பதாக இருந்தால் மேற்பார்வைக்குக் கொடுங்கள். பிள்ளை செய்யும் வேலைக்காக யாராவது காத்திருக்கிறார்களா, அது வராவிட்டால் அவர்களுக்கு ஏதாவது தடைபடுமா? இதற்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிகிற ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு. கட்டணம் இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

கல்லூரி இடம் பத்திரமா? இதற்கு விடை தெரியாமல் எந்தத் திட்டத்துக்கும் முன்பணம் கட்டக் கூடாது. வழக்கமான முறை இதுதான்: மே 1-க்குள் கல்லூரிக்கு டெபாசிட் கட்டி இடத்தை உறுதிசெய்துகொண்டு, பிறகு டிஃபரல், அதாவது சேர்வதைத் தள்ளிவைக்கும் அனுமதி, கேட்டு எழுத வேண்டும். பல கல்லூரிகள் முழு ஆண்டுக்குத்தான் டிஃபரல் தருகின்றன. ஒரு செமஸ்டர் மட்டும் தள்ளி, ஜனவரியில் சேர அனுமதிப்பதில்லை. ஜனவரியில் சேர்த்துக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இன்ஜினியரிங், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற துறைகளில் முதலாண்டுப் பாடங்கள் இலையுதிர்காலத்தில் தொடங்கிச் சங்கிலியாகப் போகும். நடுவில் நுழையும் மாணவர் அடுத்த இலையுதிர்காலம் வரை முதல் கண்ணிக்காகக் காத்திருக்க நேரலாம். ஒரு செமஸ்டர் தள்ளியது ஒரு வருடமாக நீள்வது இப்படித்தான். துறையின் ஆலோசகரிடம் ‘ஜனவரியில் சேர்ந்தால் நான்கு ஆண்டுத் திட்டம் எப்படி அமையும்’ என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை நிற்குமா? இடத்தைப் பிடித்துவைப்பதும் மெரிட் ஸ்காலர்ஷிப்பைப் பிடித்துவைப்பதும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத்தில் கேட்க வேண்டும். முழு ஆண்டு தள்ளினால் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும், உதவித் தொகையும் புதிதாகக் கணக்கிடப்படும். மாநில உதவிகளில் சிலவற்றுக்குக் காலக்கெடு கறாரானது. டென்னசி ப்ராமிஸ் பெற, பள்ளி முடித்ததை அடுத்து வரும் இலையுதிர்காலத்திலேயே சேர்ந்தாக வேண்டும்.

குடியேற்ற நிலை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இதுவே முதல் வடிகட்டி. ஊதியமில்லாத உண்மையான தன்னார்வத் தொண்டு செய்யலாம். ஸ்டைபெண்ட், மதிப்பூதியம், கிஃப்ட் கார்டு என்று எந்தப் பெயரில் கைம்மாறு வந்தாலும் அது வேலையாகக் கருதப்படும் அபாயம் இருக்கிறது. வாக்காளர் பதிவு முகாம்களில் உதவும்போது குடியுரிமை இல்லாத பிள்ளை, கிரீன் கார்டு இருந்தாலும்கூட, தன் பெயரில் அந்தப் படிவத்தை மாதிரிக்காகக்கூட நிரப்பிக் கையெழுத்திடக் கூடாது. குடியுரிமை இருப்பதாகத் தவறாக அறிவிப்பது பிற்காலத்தில் நிரந்தரத் தடைக்கே இட்டுச் செல்லக்கூடிய குற்றம்.

வயது. பள்ளி முடிக்கும்போது பதினேழு நடக்கும் பிள்ளைகள் நிறைய. பல இணையவழித் தன்னார்வத் தளங்கள் பதினெட்டு முடிந்தவர்களை மட்டுமே சேர்க்கின்றன.

யார் பார்க்கிறார்கள், எது மிஞ்சுகிறது? வேலையைப் படித்துத் திருத்தும் மனிதர் ஒருவர், டிசம்பரில் கையில் நிற்கும் பொருள் ஒன்று. சான்றிதழ் இதில் சேராது.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மாணவராக இல்லாவிட்டாலும் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே தொடரலாம்.

## வழி ஒன்று: கட்டணம் வாங்கும் இணையவழிக் குழுத் திட்டம்

2020-இல் கொரோனா பயணங்களை முடக்கியபோது இவை பெருகின. அதுவரை மாணவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த குளோபல் சிட்டிசன் இயர் அந்த ஆண்டில் இணையவழி அகாடமியாக மாறியது. பின்னாளில் டில்டிங் ஃப்யூச்சர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நேரடித் திட்டம் நடத்தத் திரும்பிவிட்டது. ஆகவே பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். ஒரு திட்டம் இந்த இலையுதிர்காலத்தில் உண்மையிலேயே இணையவழியில் நடக்கிறதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள்.

அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பத்து முதல் பதினைந்து வாரம், வாரத்தில் சில மணி நேர நேரலை வகுப்பு, ஒரு மென்டர், ஒரு சமூக அமைப்போடு தொலைவழி இன்டர்ன்ஷிப், முடிவில் கேப்ஸ்டோன் எனப்படும் சொந்தத் திட்டம்.

விலையைப் பார்க்க ஒரு கணக்கு. மொத்தக் கட்டணத்தை, பிள்ளையின் பெயரை அறிந்த ஒருவரோடு பேசும் மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 3,600 டாலர் கட்டணம், 12 வாரம், வாரத்துக்கு 5 மணி நேர நேரலை என்றால் மணிக்கு 60 டாலர். நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஐந்தில் நான்கு மணி நேரம் பெருங்கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் உரையாகவும், ஒரு மணி நேரம்தான் சிறுகுழுச் சந்திப்பாகவும் இருந்தால் நீங்கள் வாங்குவது 12 மணி நேரம். மணிக்கு 300 டாலர். உரைகள் எப்படியும் யூடியூபில் இருக்கும் தரத்தவைதான்.

சேரும் முன் கேட்க வேண்டியவை சில. ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர்? இன்டர்ன்ஷிப் இடம் உறுதியா, ‘முயற்சி செய்வோம்’ வகையா? சென்ற முறை மாணவர்களை ஏற்ற அமைப்புகள் எவை, அவற்றில் ஒன்றோடு பேச முடியுமா? எந்த வாரம் வரை பணம் திரும்பக் கிடைக்கும்? நடத்துவது 501(சி)(3) லாப நோக்கற்ற அமைப்பு என்றால், வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் பெயரைத் தேடி அதன் 990 படிவத்தைப் பார்க்கலாம். வருமானம் எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று அதில் தெரியும். இத்தகைய இடைவேளைத் திட்டங்களை மதிப்பிடும் கேப் இயர் அசோசியேஷனின் அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாததாலேயே ஒன்று மோசம் என்று ஆகிவிடாது, ஆனால் இருந்தால் ஒரு வடிகட்டலைத் தாண்டியிருக்கிறது.

ஒளிந்திருக்கும் செலவுகள் இரண்டு. கல்லூரி கிரெடிட் இல்லாத இப்படிப்பட்ட திட்டத்துக்கு 529 எனப்படும் கல்லூரிச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்தால், பொதுவாக அதன் லாபப் பகுதிக்கு வருமான வரியும் 10 சதவீத அபராதமும் விழும். மாறாக, திட்டம் கிரெடிட் தருகிறது என்றால் ஆபத்து வேறு பக்கம். டிஃபரல் தந்த கல்லூரிகள் பலவும் இடைக்காலத்தில் வேறெங்கும் கிரெடிட் எடுக்கக் கூடாது என்றோ, இத்தனை கிரெடிட் வரைதான் என்றோ நிபந்தனை வைக்கின்றன. மீறினால் முதலாண்டு மாணவர் என்ற தகுதி போய் டிரான்ஸ்ஃபர் மாணவராகிவிட நேரும், அதோடு முதலாண்டுக்கான ஸ்காலர்ஷிப்பும் போகும்.

இவ்வகைத் திட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் கேப்ஸ்டோனில். ‘இளைஞர் வாக்களிப்பை ஊக்குவிக்கும் இணையதளம்’, ‘மனநல விழிப்புணர்வுக் கையேடு’ என்று யாரும் கேட்காத ஒன்றைப் பிள்ளைகள் செய்துமுடிக்கிறார்கள். செய்நேர்த்தி இருக்கும், பயன்படுத்த ஆள் இருக்காது. முதல் மூன்று வாரங்களுக்குள் ‘இதை வாங்கிக்கொள்ளப்போவது யார்’ என்று ஓர் அமைப்பின் பெயரை எழுத வைக்கும் திட்டம் என்றால் நம்பிச் சேரலாம்.

இந்த வழி யாருக்கு? கெடு வைத்தால் மட்டுமே நகரும் பிள்ளைக்கு. சக வயதினர் கூட்டம் இல்லாமல் சோர்ந்துபோகும் பிள்ளைக்கு. அத்தகைய பிள்ளைக்கு இந்தக் காசு வீண் இல்லை. தனியாக விட்டால் அக்டோபரிலேயே நின்றுபோகும் செமஸ்டரை டிசம்பர் வரை இழுத்துச் செல்வது அந்தக் கூட்டம்தான்.

## வழி இரண்டு: இலவச இணையவழித் தன்னார்வம்

கட்டணம் இல்லை. வேலை உண்மையானது. மேற்பார்வை மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணிகளுக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். ஒரு பணி அதிகபட்சம் 12 வாரம், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. செமஸ்டருக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். ஆனால் விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், அனுபவம் உள்ள பெரியவர்களோடு போட்டி. மொழிபெயர்ப்புப் பணிகளும் வருவதுண்டு. தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு கூடுதல் கதவு. செப்டம்பரில் தொடங்க வேண்டுமென்றால் ஜூலையிலேயே விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள்.

காங்கிரஸ் நூலகம் 2018-இல் தொடங்கிய பை த பீப்பிள் திட்டத்தில், வரலாற்றுக் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்யலாம். கணக்கு தொடங்காமலும் எழுதலாம், மற்றவர் எழுதியதைச் சரிபார்க்கக் கணக்கு தேவை. இனிமையான வேலை. ஆனால் பிள்ளையைத் தெரிந்த மனிதர் மறுமுனையில் யாரும் இல்லை, பரிந்துரைக் கடிதமும் வராது. முதன்மை வேலையாக இதை வைக்காதீர்கள்.

நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி வழி உதவும் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் இதற்கு நேரெதிர். பதினெட்டு வயது, பல மணி நேரப் பயிற்சி, பிறகு மொத்தம் 200 மணி நேரம் தருவதாக உறுதி. வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று போனால் ஒரு செமஸ்டரில் முடியாது, கல்லூரிக்குள்ளும் தொடரும். தற்கொலை எண்ணத்தோடு எழுதும் மனிதர்களோடு நள்ளிரவில் பேசும் வேலை அது. அண்மையில் துக்கத்திலோ மனச்சோர்விலோ இருந்து மீண்ட பிள்ளைக்கு இப்போது வேண்டாம்.

இந்தப் பட்டியலில் நான் முதலிடம் தருவது ஹியூமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீமுக்கு. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும் வரைந்த தன்னார்வ முயற்சியிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. வேலை எப்படி என்றால், டாஸ்கிங் மேனேஜர் தளத்தில் ஒரு பகுதி சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு சதுரத்தை எடுத்தால் அது பூட்டிக்கொள்ளும், மற்றவர் அதில் கைவைக்க முடியாது. கட்டடத்தின் மூலைகளைச் சொடுக்கி வரைந்து, க்யூ விசையை அழுத்தினால் கோணங்கள் செங்கோணமாகும். புதியவர்கள் செய்யும் தவறுகள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான்: சாய்வாக எடுத்த படத்தில் கட்டடத்தின் அடித்தளத்தை வரையாமல் கூரையை வரைவது, ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளை ஒன்றாக்குவது, படமே சில மீட்டர் விலகியிருப்பதைக் கவனிக்காமல் பழைய சாலையின் மேல் வீட்டை வைத்துவிடுவது. சரிபார்ப்பவர் ‘இன்னும் வேலை இருக்கிறது’ என்று குறித்துக் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தக் குறிப்புதான் மேற்பார்வை. ஒரு மாதம் பொறுமையாகத் திருத்தி வாங்கும் பிள்ளை, பிறகு தானே மற்றவர் வேலையைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு திருத்தமும் பயனர் பெயரோடு பொதுவில் பதிவாகிறது. எந்தச் சான்றிதழைவிடவும் நம்பத்தகுந்த ஆதாரம் அது.

இந்த வழியின் ஒளிந்த செலவு நேரம். வேலைகளைத் தேடுவது, விண்ணப்பிப்பது, பதிலுக்குக் காத்திருப்பது என்று முதல் மாதம் கரைந்துவிடும். நாலைந்து இடத்தில் கால் வைத்து எதிலும் ஊன்றாமல் போவது இன்னொரு ஆபத்து. ஒரு முதன்மை வேலை, ஒரு துணை வேலை. அதற்கு மேல் வேண்டாம்.

## வழி மூன்று: சொந்த ஊரின் ஆட்சியைப் பின்தொடர்வது

நகர மன்றம், பள்ளி வாரியம், திட்டமிடல் குழு ஆகியவற்றின் கூட்டங்கள் பல ஊர்களில் இணையத்தில் நேரலையாக வருகின்றன. ஓர் அமைப்பை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு செமஸ்டர் முழுக்கப் பின்தொடர்ந்தால், பொதுக்காரியத்தில் இதைவிட ஆழமான படிப்பு வேறில்லை. செலவு ஏறக்குறையப் பூஜ்யம்.

முதல் இரண்டு வாரம், முந்தைய ஆறு கூட்டங்களின் நிரலையும் குறிப்புகளையும் படித்து, யார் யார், எந்த விவகாரம் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிரல் 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும். மற்ற மாநிலங்களுக்கும் தத்தம் விதி உண்டு. நிரலில் ‘கன்சென்ட் கேலண்டர்’ என்ற பகுதியைப் புதியவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் அதில் விவாதமே நடக்காது, பத்துப் பதினைந்து தீர்மானங்கள் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறும். பெரிய ஒப்பந்தங்கள் பலவும் அங்கேதான் இருக்கும். இணைப்புக் கோப்புகளைத் திறந்து தொகையையும் ஒப்பந்ததாரர் பெயரையும் குறிப்பது முதல் பயிற்சி.

நான்காவது வாரத்தில் ஒரு பொது ஆவணக் கோரிக்கை அனுப்பலாம். மத்திய அரசுக்கு எஃப்ஓஐஏ எனப்படும் தகவல் சுதந்திரச் சட்டப்படி அனுப்பினால் 20 வேலை நாள் என்று விதி, ஆனால் பலமுறை அதைத் தாண்டி இழுக்கும், செமஸ்டரே முடிந்துவிடும். ஊராட்சிக்கு அனுப்புங்கள். இல்லினாயில் 5 வேலை நாளிலும் கலிஃபோர்னியாவில் 10 நாளிலும் முதல் பதில் வர வேண்டும், இரண்டிலும் நீட்டிப்புக்கு இடமுண்டு. சில மாநிலங்கள் தம் மாநிலத்தவருக்கு மட்டுமே இந்த உரிமையைத் தருகின்றன. வர்ஜீனியாவின் அப்படியான விதியை உச்ச நீதிமன்றம் 2013-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே குடியிருக்கும் மாநிலத்தோடு நில்லுங்கள்.

கோரிக்கை வீணாவது அது அகலமாக இருப்பதால்தான். ‘சாலைப் பாதுகாப்பு பற்றிய எல்லா மின்னஞ்சல்களும் வேண்டும்’ என்றால் ‘மிகப் பெரியது’ என்று திரும்பும், அல்லது பெரிய தொகைக்குப் பில் வரும். இப்படிக் கேட்க வேண்டும்: ‘2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, பாதசாரி சிக்னல் பழுது குறித்து வந்த புகார்களின் பட்டியல். புகார் வந்த நாள், தெருச் சந்திப்பு, சரிசெய்த நாள் ஆகிய பத்திகளோடு எக்செல் கோப்பாக. செலவு 25 டாலரைத் தாண்டுமானால் தொடங்கும் முன் தெரிவிக்கவும்.’ ஆவணம் எது, காலம் எது, வடிவம் எது, செலவு வரம்பு எது என்று நான்கும் அதில் இருக்கின்றன. வந்த கோப்பிலிருந்து, எந்தச் சந்திப்பில் பழுது சரியாக அதிக நாள் எடுக்கிறது என்று ஒரு பக்க அறிக்கை எழுதி, மக்கள் பேசும் நேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் வாசிக்கலாம்.

குறை என்ன? மறுமுனையில் யாரும் காத்திருக்கவில்லை. அதை நாமே ஏற்படுத்த வேண்டும். சிகாகோவின் சிட்டி பியூரோ என்ற செய்தி அமைப்பு தொடங்கிய டாக்குமென்டர்ஸ் இதற்கென்றே இருக்கிறது. பொதுக்கூட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிக் குறிப்பெடுக்க வைத்து, ஆசிரியர் ஒருவர் திருத்தி வெளியிடுகிறார், ஊதியமும் உண்டு. டெட்ராய்ட், கிளீவ்லாந்து உள்ளிட்ட வேறு ஊர்களிலும் நடக்கிறது. ஊதியம் உண்டு என்பதாலேயே எச்-4 பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. உங்கள் ஊரில் இல்லையென்றால், குடியிருப்போர் சங்கத்திடமோ உள்ளூர்ச் செய்தி ஆசிரியரிடமோ ‘ஒவ்வொரு கூட்டத்துக்கும் 48 மணி நேரத்தில் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புகிறேன், படித்துத் தவறு சொல்வீர்களா’ என்று கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு. இலவசமாக ஒரு செய்தியாளர் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

தேர்தல் ஆண்டாக இருந்தால் வாக்குச்சாவடிப் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம். பல மாநிலங்களில் 16 வயதிலிருந்தே அனுமதி உண்டு, கவுண்டி ஊதியமும் தரும். பொதுவாகக் குடியுரிமை வேண்டும். கலிஃபோர்னியா கிரீன் கார்டு உள்ளவர்களையும் ஏற்கிறது. இணையவழி வேலையில் சலித்துப்போன பிள்ளைக்கு அந்த ஒரு நீண்ட நாள் நிறையக் கற்றுத்தரும்.

## வழி நான்கு: அமெரிகார்ப்ஸ்

இது பெரும்பாலும் நேரடிப் பணி. ஆனாலும் ஒப்பிடாமல் விடக் கூடாது, ஏனென்றால் காசு எதிர்த்திசையில் பாய்கிறது: நீங்கள் கட்டுவதில்லை, அவர்கள் தருகிறார்கள்.

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கட்டாயம். ஸ்டேட் அண்ட் நேஷனல் பிரிவுக்கு 17 வயது, விஸ்டா, என்சிசிசி ஆகிய மற்றப் பிரிவுகளுக்கு 18. முழுநேரம் 1,700 மணி நேரம் பணிசெய்து முடித்தால் கிடைக்கும் செகல் கல்வி விருது, மத்திய அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட்டின் உச்சத் தொகைக்குச் சமம். 7,395 டாலர் என்ற அளவில் இருந்து வருகிறது. ஒரு செமஸ்டருக்குப் பொருந்துவது 450 மணி நேரப் பணி. வாரத்துக்கு 30 மணி நேரம் வீதம் சரியாக 15 வாரம், அதற்கான விருது 1,956 டாலர் சொச்சம். 300 மணி நேரப் பணிக்கு 1,565 டாலர். ஏழு ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை: விருதைப் பயன்படுத்தும் ஆண்டில் அது வருமானமாகக் கருதப்பட்டு வரி உண்டு. முழுநேரத்துக்குக் குறைவான பணிகளில் வாழ்க்கைப்படி இல்லாமலும் இருக்கலாம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு பல மானியங்களை நடுவிலேயே நிறுத்தியது. ஆகவே சேரும் அமைப்பிடம் ‘இந்த இடத்துக்கான நிதி எந்த மாதம் வரை உறுதி’ என்று நேராகக் கேளுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பணி நேரத்தில் வாக்காளர் பதிவு முகாம் நடத்துவது, சட்டமியற்றுவதில் செல்வாக்கு செலுத்த முயல்வது, போராட்டம் ஒருங்கிணைப்பது ஆகியவை அமெரிகார்ப்ஸ் விதிப்படி தடை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரவும் பூங்காவைச் சீரமைக்கவும் ஆசைப்படுபவருக்கு இது அருமையான இடம். தேர்தலிலும் கொள்கையிலும்தான் நாட்டம் என்றால் மூன்றாவது வழியே சரி.

## இன்னும் இரண்டு, சுருக்கமாக

தேர்தல் பிரச்சாரத்தில் தொலைபேசி, குறுஞ்செய்தி வழியாக வேலை செய்யலாம். ஊதியமில்லாமல் உதவக் குடியுரிமை இல்லாதவருக்கும் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் நிதி தொடர்பான முடிவுகளில் பங்கெடுக்கக் கூடாது. நவம்பர் முதல் வாரத்தோடு எல்லாம் கலைந்துவிடும். மிச்சமுள்ள ஆறு வாரத்துக்கு வேறு திட்டம் வைத்திருங்கள்.

கம்யூனிட்டி கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுப்பது செமஸ்டரைப் பயனுள்ளதாகக் காட்டும், ஆனால் மேலே சொன்ன டிரான்ஸ்ஃபர் சிக்கலுக்கு நேர்வழி. டிஃபரல் கடிதத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கிரெடிட்கூட எடுக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | கட்டணத் திட்டம் | இணையவழித் தன்னார்வம் | ஊராட்சியைப் பின்தொடர்தல் | அமெரிகார்ப்ஸ் |
|---|---|---|---|---|
| பணம் | நாம் கட்டுகிறோம் | இல்லை | மிகக் குறைவு | அவர்கள் தருகிறார்கள் |
| 17 வயதில் | பெரும்பாலும் முடியும் | பல இடங்களில் முடியாது | முடியும் | ஒரு பிரிவில் மட்டும் |
| எச்-4 விசாவில் | ஸ்டைபெண்ட் இல்லையென்றால் சரி | சரி | ஊதியம் வாங்காதவரை சரி | முடியாது |
| மேற்பார்வை | விலைக்குக் கிடைக்கும் | இடத்துக்கு இடம் மாறும் | நாமே ஏற்படுத்த வேண்டும் | உண்டு |
| எங்கே சறுக்கும் | யாரும் கேட்காத கேப்ஸ்டோன் | சிதறிப்போகும் நேரம் | தனிமை, ஒழுங்கின்மை | நிதி நின்றுபோதல் |
| டிசம்பரில் மிஞ்சுவது | குழு நட்பு, மென்டர் கடிதம் | பொதுவில் பதிவான வேலை | அறிக்கை, ஊரில் ஓர் அறிமுகம் | கல்வி விருது |

## எப்போது எது

தானாக எழுந்து உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளை என்றால் மூன்றாவது வழியை முதன்மையாகவும் வரைபட வேலையைத் துணையாகவும் வையுங்கள். எச்-4 பிள்ளைக்கும், பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கும் இந்தச் சேர்க்கையே பாதுகாப்பானது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து, கல்லூரிச் செலவும் கவலையாக இருந்தால் 450 மணி நேர அமெரிகார்ப்ஸ் பணி ஊரிலேயே கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கெடுவும் கூட்டமும் தேவைப்படும் பிள்ளைக்கு, மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரான பதில் தரும் கட்டணத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிதியுதவி கேட்கத் தயங்காதீர்கள், கேட்டவர்களுக்குத்தான் பல திட்டங்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன.

சேர்ந்திருக்கும் கல்லூரியே ஏதாவது வைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சிவிக் செமஸ்டர் முதல் செமஸ்டராகவே கணக்கில் சேரும். பிரின்ஸ்டனின் பிரிட்ஜ் இயர், சேர்க்கை பெற்ற மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமின்றி ஒன்பது மாத வெளிநாட்டுத் தொண்டு. இரண்டும் இணையவழி அல்ல, ஆனால் இடத்தைப் பற்றிய கவலையே இருக்காது.

டிஃபரல் கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த வாரத்திலிருந்து எந்த வாரம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த அமைப்போடு, முடிவில் என்ன கையில் இருக்கும் என்று திட்டவட்டமாக எழுதச் சொல்லுங்கள். ‘உலகைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்ற வகை வாக்கியங்களை விட்டுவிடலாம். இடம், ஸ்காலர்ஷிப், விடுதி, கிரெடிட் விதி ஆகிய நான்குக்கும் பதில் எழுத்தில் வரும் வரை எந்தத் திட்டத்துக்கும் முழுப்பணம் கட்ட வேண்டாம்.

தொடங்கிய பிறகு நான்காவது வாரம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இதுவரை பிள்ளையின் வேலையை யாராவது திருத்தி அனுப்பியிருக்கிறார்களா? இல்லையென்றால் மென்டரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், பணம் திரும்பும் கெடு இருந்தால் அது தாண்டுவதற்குள். ஆறாவது வாரத்திலும் பதில் இல்லையென்றால் விலகி, அடுத்த நகர மன்றக் கூட்டத்தின் நிரலைத் திறக்கச் சொல்லுங்கள். மிச்சமுள்ள ஒன்பது வாரம் ஓர் அமைப்பைப் பின்தொடரவும், ஓர் ஆவணக் கோரிக்கைக்குப் பதில் வாங்கவும், ஓர் அறிக்கை எழுதவும் போதும். ஜனவரியில் சேரும் பிள்ளைக்கு விடுதி விண்ணப்பம், தடுப்பூசிச் சான்று, பாடப்பதிவு எல்லாம் அக்டோபர், நவம்பரிலேயே கேட்பார்கள். அந்த மின்னஞ்சல்கள் பழைய பள்ளிக் கணக்குக்குப் போய் யாரும் பார்க்காமல் கிடக்காதபடி, கல்லூரியில் முகவரியைக் கோடைக்காலத்திலேயே மாற்றிவிடுங்கள்.